பிடியரிசிப் பானை

மெய்ஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். எங்கள் விளையில் நின்றால் பனந்தலைகளுக்கு மேலே அதன் முனை தெரியும். அத்தைக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. மாமா பனையிலிருந்து விழுந்து இறந்தபின், அடுத்தவர் விடிலிக் குடிசையில் கூலிக்குக் கருப்பட்டி காய்ச்சினாள். பங்குனி தொடங்கி ஆடி வரை புகைக்குள்ளேயே வாசம். பாகைச் சிரட்டைகளில் ஊற்றிவிட்டு வெளியே வரும்போது கண்ணிரண்டும் கோவைப்பழமாக இருக்கும்.

அவளுக்கு எழுத்து தெரியாது. ராத்திரி சிம்னி விளக்கில் நான்தான் வேதம் வாசிக்க வேண்டும். தூக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுப்படி மூலையில் ஒரு சின்னப் பானை. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவாள். கோயிலுக்கான பிடியரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் வீட்டுக்கு வீடு இருந்த வழக்கம்தான். காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் என்று சொன்னவர். மிசோரம் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அரிசி கையாளும் பெண்களுக்கு எந்த ஊரிலும் தோன்றக்கூடியதுதான் போலும்.

ஆனால் அத்தை மூட்டையிலிருந்து எடுக்கமாட்டாள். மூட்டையிலிருந்து எடுத்தால் அன்றைக்கு யாருக்கும் குறையாது. உலைக்கு அளந்ததிலிருந்து எடுத்தால் யாரோ ஒருவர் வயிற்றில் ஒரு பிடி குறையும். அது யார் வயிறு என்று எனக்குப் புரிய நாளானது.

1965, 66 வாக்கில் அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று 1967 தேர்தலில் வாக்குறுதி கொடுக்கும் அளவுக்கு நிலைமை. அப்போது ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. அத்தை பிடியரிசிப் பானையை எடுத்து அவள் முந்தானையில் அப்படியே கவிழ்த்தாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. “அத்தே, அது கோயிலுக்கு வச்சதுல்லா?”

“கோயிலுக்கு ஞாயித்துக்கிழமைதானல போணும். அந்தப் பிள்ளைக்குப் பசி இப்பம்லா.”

அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் மரச்சீனிக் கிழங்கைத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் அரிசிப் பை எப்போதும் போல நிறைந்திருந்தது. தசமபாகம் பற்றி எத்தனையோ சபை ஐயர்மார் பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைவில் தங்கவில்லை. அந்தக் கிழங்குத் தட்டு தங்கிவிட்டது.

எண்பதைத் தாண்டி, ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் கோயிலுக்கு அவள் பானை அரிசியை நான் கொண்டுபோனேன். பெரிய பெட்டியில் எல்லா வீட்டு அரிசியோடும் கொட்டினார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கும். வேகவைத்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முட்டையோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டார்கள். அதில் எது அத்தை கைப்பிடி என்று தெரியாது, ஆனாலும் ஏலம் கேட்டேன். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தீனிக்காக விலையை ஏற்றிக்கொண்டே போனார். நான் நூற்றைம்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது.