நிழற்படத்தில் நெய்தல்

ஆடை விற்போர்க்கு நிழற்படம் எற்றுக்கு என வினவின், துணியின் நிறமும் நெசவும் தெரிதற்கு என்பதே நேரிய விடையாகும். ஆயின் இக்காலத்து ஆடைப்படங்களுட் சில அவ்வளவில் அமைவதில்லை. சலனப்படமொன்றை நடுவே நிறுத்தியதுபோல அவை தோன்றுகின்றன. சற்று முன் ஏதோ நிகழ்ந்திருக்கின்றது. இனி ஏதோ நிகழப்போகின்றது. இரண்டும் படத்துள் இல்லை. காண்பார் நெஞ்சமே அக்கதையை நிரப்பிக்கொள்கின்றது.

இக்கலைக்கும் கடற்கரைக்கும் பழைய தொடர்புண்டு. 1933ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டவரான மார்ட்டின் முன்காச்சி, அமெரிக்கக் கடற்கரையொன்றில் ஒரு பெண்ணை ஓடச்செய்து படமெடுத்தார். ஹார்ப்பர்ஸ் பசார் இதழில் வெளிவந்த அப்படம், கூடத்துள் அசையாது நின்ற ஆடைப்படத்திற்கு வெளியையும் காற்றையும் ஓட்டத்தையும் தந்தது. அடுத்த ஆண்டில் நம் நாட்டைப் பற்றி பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ வெளிவந்தது. அதற்குப் பொருளுதவியது தேயிலை விளம்பரச் சபை. எனினும் கண்டோர் மனத்திற் பதிந்தது தேயிலையினும் ஒரு நாட்டின் மனநிலையே. அதில் இறொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் படித்துக் குரல் கொடுத்தவர் லயனல் வென்ட். பியானோ இசையிலும் நிழற்படக் கலையிலும் வல்லவராகிய அவர், உடலின்மேல் ஒளி சாயும் வகையாலேயே பாவத்தைப் புலப்படுத்தினார். 1944இல் அவர் மறைந்தார். 1950இல் அவர்தம் படங்கள் நூலுருப் பெற்றன. விளம்பரத்திற்குப் பிறந்த படமும் மெய்ப்பாடு உணர்த்தலாம் என்பதை அக்காலமே காட்டிவிட்டது.

அஃது எவ்வாறு இயலும் என்பதைத் தமிழ் கற்றோர் எளிதில் உணர்வர். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளும், அந்நிலத்துக் கருப்பொருளும் கூடியே உரிப்பொருளைத் தோற்றுவிக்கும் என்பது தொல்காப்பிய நெறி. நெய்தலுக்குப் பொழுது எற்பாடு; உரிப்பொருள் இரங்கல். நம் புத்தளக் கரையோ மேற்கு நோக்கியது. ஞாயிறு கடலுள் வீழும்வேளை கரையில் நிற்பவளைப் பின்னின்று நோக்கின், அவள் நிழலுருவாகின்றாள். முகக்குறிப்பு மறைய, உடலின் சாய்வொன்றே பேசுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் உடப்புக் கரையில் இதனை நேரிற் கண்டேன். அஃது ஆனி மாதம். தென்மேற்குக் காற்றாற் கடல் கொந்தளித்தது. தோணிகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. கொழும்பிலிருந்து வந்த இளைஞர் சிலர், கைத்தறிச் சேலை உடுத்த பெண்ணொருத்தியைத் தோணியருகே கடல்நோக்கி நிறுத்தி, அவள் பார்வை செல்லும் திசையில் மிகுந்த வெற்றிடம் விட்டுப் படமெடுத்தனர். அருகே பாய் மடித்துக்கொண்டிருந்த மூதாட்டி என்னைப் பார்த்து, “தம்பி, அந்தப் பிள்ளை யாரைப் பார்த்து நிக்குது?” என்று கேட்டார்.

“சேலைக்குப் படம் பிடிக்கிறார்கள், அம்மா” என்றேன்.

“கடலைப் பார்த்து நிக்கிறவளுக்குச் சேலை நினைவு இருக்குமா? கையால மடிப்பைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்குது” என்றார்.

படமெடுப்பவர் செவியிலும் அது வீழ்ந்தது. அப்பெண்ணைக் கையை எடுக்கச் சொன்னார். முந்தானை காற்றிற் பறந்தது, மடிப்புக் குலைந்தது, படத்திற்கு உயிர் வந்தது. அம்மூதாட்டியின் வீட்டிலிருந்து கடல்மேற் சென்ற ஒருவர் மீளவில்லை என்று ஊரவர் பின்னர் கூறினர்.

அன்று நான் தெளிந்தது இதுவே. கருவியும் ஒளியும் கலைஞனுடையன; இரங்கலோ அந்நிலத்து மக்களுடையது. அதனை அவன் கடனாகவே பெறுகின்றான். சேலை அழகாகத் தெரிதற்பொருட்டு அத்துயரை வெறும் திரைச்சீலையாக்கின், காண்பார் நெஞ்சம் ஒருகாலும் இளகாது. அம்மக்கள் கண்ணுக்கும் மெய்யெனப் படுமாறு அமைப்பின், விளம்பரமும் கலையாகும்.

இன்று நம் கல்லூரி மாணாக்கர் பலர் கைப்பேசியிலேயே படமெடுக்கின்றனர். மாலையொளியும் தோணியும் அவர்க்கு எளிதிற் கிட்டும். தோணியின் உரிமையாளரோடு சிறிதுபொழுது பேசியிருந்து பின்னர்ப் படமெடுப்பாராயின், அக்கரையின் கதையும் அவர்க்குக் கிட்டும்.