கட்டிலடியில் ஒரு கொசுவத்தி

நமது வீட்டுக்குக் காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரம் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். சென்னையில் கடற்காற்று இலவசமாக வீசும்போது, காற்றை வடிகட்டப் பணம் கொடுப்பானேன் என்பது நமது கட்சி. ஆனால் ஏழு வயதுப் பேரன் இரவில் இழுப்பு வந்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி தூங்குவதைப் பார்த்த பிறகு, கட்சியாவது ஒன்றாவது! மறுநாளே யந்திரம் வந்துவிட்டது.

அதன் முகத்தில் ஓர் எண் தெரியும். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி எத்தனை மைக்ரோகிராம் என்பது அதன் கணக்கு. 2.5 மைக்ரானுக்கு மேற்படாத இந்தத் தூசி, மூக்கின் காவலுக்குத் தப்பி நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு நாளின் சராசரி 15ஐத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் வரையறுத்தது.

இத்தனை நாளும் நாம் தெருவில் போகும் லாரிகளையே வைது கொண்டிருந்தோம். சாயங்காலம் சாம்பிராணி போட்டதும் எண் குதித்தது. கடுகு தாளித்ததும் இன்னும் கொஞ்சம். இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திப் பேரனுடைய கட்டிலடியில் வைத்தோம். எண் 300ஐத் தாண்டியது! யந்திரம் ரயில் எஞ்சினைப் போல் இரையத் தொடங்கிற்று.

ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்தூசியை வெளியிடுகிறது என்று 2003ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. ஆயுளில் சிகரெட்டைத் தொட்டதில்லை என்று பெருமையடித்துக் கொள்பவர் நாம். குழந்தையின் தலைமாட்டில் அன்றாடம் அன்போடு கொளுத்தி வைத்ததும் நாமேதான். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

யந்திரத்தின் வயிற்றில் இருப்பது மடிப்பு மடிப்பாக வைத்த மெல்லிய நாரிழை விரிப்பு. 'ஹெப்பா' என்று பெயர். அதைச் சல்லடை என்று எண்ண வேண்டாம். பெரிய துகள் இழையில் நேரே மோதி ஒட்டிக் கொள்ளும். மிகச் சிறியது காற்றணுக்களின் இடி தாங்காமல் தள்ளாடித் தள்ளாடி எங்கேயோ ஓர் இழையில் சிக்கும். இரண்டிலும் சேராத 0.3 மைக்ரான் துகளே பிடிக்க அரிது. அதிலும் நூற்றுக்கு 99.97 பங்கு நிற்கிறது. ஆனால் வாயுக்கள் தாராளமாகப் புகுந்து போகும். அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடுக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கும் சமையலறை ஜன்னலே கதி. கரித்தட்டு ஒன்று உண்டு. அது வாசனையையும் சில ஆவிகளையும் மட்டுமே பிடிக்கும். ஓஸோன் உண்டாக்கும் யந்திரங்களோ நுரையீரலுக்கே சத்துரு. இவையெல்லாம் கடைக்காரர் நமக்குச் சொல்லாத சமாசாரங்கள்.

சுருளை நிறுத்திக் கொசுவலை வாங்கினோம். ஆணி எங்கே அடிப்பது என்பதில் இல்லத்தரசிக்கும் நமக்கும் இரண்டு நாள் விவாதம். கதவைச் சாத்தி யந்திரத்தை ஓடவிட்டால் இரவில் எண் இப்போது 12க்கு இறங்குகிறது. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டோம்; வைத்தியர் கொடுத்த மருந்தும் நடக்கிறது. பேரன் படுத்துத் தூங்குகிறான். நாம்தான் வலைக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட ஒற்றைக் கொசுவைத் தேடிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.