இரும்புக்கையைக் கீறியவர்

இழப்புகளைக் கேட்டெழுதும் எங்கள் படிவங்களில், சிறுவயதில் எதை விரும்பி வாசித்தீர்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டுக்கரைக் குளத்தை அண்டிய கிராமங்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் அதைக் கேட்டேன். சிலர் சிரித்துக்கொண்டே 'இரும்புக்கை மாயாவி' என்றார்கள்.

சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் அது. ஓர் அக்காவுக்கு அது தமையனின் தலையணைக்குக் கீழே கிடைத்ததாம். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்ற ஏச்சுக்குப் பயந்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து வாசித்திருக்கிறார். இன்னொருவருக்கு அப்போது எழுத்துக் கூட்டவே வராது. படங்களைப் பார்த்தே கதை விளங்கியதாம். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். "கறுப்பு மையால அந்த இருட்டை எப்பிடித்தான் கீறினாங்களோ!" என்று இன்றும் வியக்கிறார்.

கீறியவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஹெசூஸ் பிளாஸ்கோ, 1919இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1938 மார்ச்சில் அந்த நகரத்தின் மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. மாயாவியை 1962 முதல் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வார இதழுக்காக வரைந்தார். தங்கை பிலாரும் சித்திரக்கதை ஓவியரே.

இதைச் சொன்னபோது அக்கா முதலில் பங்கரைப் பற்றித்தான் கேட்டார். அவருடைய தமையன் 2009இல் காணாமற் போனவர். புத்தகங்களும் இடம்பெயர்வோடு போயின. மாயாவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமையனின் பெயரை அழாமல் சொல்கிறார். பிறகு மெதுவாக, "அந்தத் தங்கச்சியை வீட்டில கீற விட்டவையோ?" என்றார்.