விடுமுறைப் புள்ளிகள்: இரவலா, வாடகையா, கைமாற்றா?



கடந்த மார்ச் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பெருங்களத்தூர்ச் சகோதரர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவரும், மேடவாக்கத்தில் வசிக்கும் அவருடைய மச்சானும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரே மாலைப்பொழுதில், ஒரே வணிக வளாகத்தில், ஒரே விடுமுறைத் திட்டத்தில் உறுப்பினர் ஆனவர்கள். இருவருக்கும் ஆளுக்கொரு டின்னர் செட் இலவசமாகக் கிடைத்தது என்பதையும் அவர் மறக்காமல் குறிப்பிட்டார். இப்போது இவருடைய புள்ளிகள் ஜூன் முடிவில் காலாவதியாகப் போகின்றன. மச்சான் குடும்பம் மே மாதம் கொடைக்கானல் செல்ல விரும்புகிறது. அவர்களிடம் நான்கு இரவுகளுக்கான புள்ளிகள் குறைகின்றன. உறுப்பினர் ஒருவர் மற்றோர் உறுப்பினருக்குப் புள்ளிகளை மாற்றித்தர நிறுவனம் இடமளிக்கிறது.

"ஹஜ்ரத், சும்மா கொடுத்தால் என் வீட்டில் வருத்தம். பணம் வாங்கினால் அக்காவுக்கு வருத்தம். அடுத்த வருஷம் திருப்பித் தாருங்கள் என்று சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். மார்க்கத்தில் எது சரி?" என்றார்.

சிறிய வினாவாகத் தோன்றியது. கிதாபுகளைப் புரட்டியபோதுதான் அதன் ஆழம் புரிந்தது.

இத்தகைய திட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இலும், மகிந்திரா ஹாலிடேஸ் 1996இலும் தொடங்கப்பட்டன. 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 இரவுகள் என்பதே கிளப் மகிந்திராவின் பரவலாக அறியப்பட்ட அமைப்பு. ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பருவங்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். ஊதா விலை உயர்ந்தது, நீலம் மலிவானது. உறுப்பினர்கள் தம் வாரங்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஆர்சிஐ நிறுவனம் 1974இலேயே அமெரிக்காவில் உருவாகிவிட்டது. கோடைவிடுமுறை வாரமும் அடைமழை வாரமும் சமமாகுமா? அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் புள்ளிக் கணக்கு பயன்பட்டது. 1991இல் தொடங்கிய டிஸ்னியின் விடுமுறைச் சங்கம் புள்ளிகளாலேயே இயங்குகிறது. அங்கே ஒருவர் மற்றவருக்குப் புள்ளிகளை மாற்றினாலும் அவற்றின் காலாவதி நாள் மாறுவதில்லை. கைமாறுவது உரிமை மட்டுமே.

அப்படியானால் அந்த உரிமை எது? புள்ளி நாணயமும் அன்று, சரக்கும் அன்று. குறிப்பிட்ட காலம் ஓரிடத்தில் தங்கிப் பயனடையும் உரிமையின் அளவுகோல் அது. ஃபிக்ஹின் மொழியில் சொன்னால், அது மன்ஃபஅத், அதாவது பயன்பாடு. பொதுவான ஒன்றைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்துவதை ஃபுகஹாக்கள் முஹாயஆ என்பர். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஊர்மக்களுக்கு ஒரு நாள் என்று நீர் பங்கிடப்பட்ட செய்தியை (26:155) இதற்குச் சான்றாக எடுத்தாள்வது மரபு. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இவ்வகை ஒப்பந்தங்களை ஆராய்ந்து, விற்பனைக்கும் வாடகைக்கும் உரிய ஷரீஅத் நிபந்தனைகள் நிறைவேறுமானால் அவை ஆகும் என்றே தீர்மானித்தது.

ஆகவே அடிப்படையில் தடை இல்லை. ஆனால் அந்தச் சகோதரர் கூறிய மூன்று வழிகளும் மூன்று வெவ்வேறு ஒப்பந்தங்கள். நாம் முஃப்தி அல்லர். பாடநூலில் உள்ளதையே அவரிடம் எடுத்துரைத்தோம்.

சும்மா கொடுப்பது எளிது. பயன்பாட்டை இலவசமாகக் கொடுப்பது ஆரியா, நம் தமிழில் இரவல். மச்சான் தங்கிவிட்டுத் திரும்பியபின் அதற்கு விலை கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு இல்லை.

பணம் வாங்கினால் அது மறுவாடகை. இங்கே மத்ஹபுகள் பிரிகின்றன. தாம் கொடுத்ததைவிட அதிகத்துக்கு மறுவாடகைக்கு விடுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபிலோ, வாடகைக்கு எடுத்தவர் அந்த இடத்தில் தாமாக எதையும் மேம்படுத்தாமல், அதே இனப் பணத்தில் கூடுதலாக வாங்கினால், அக்கூடுதல் அவருக்குத் தூய வருவாய் ஆகாது; அதைத் தர்மம் செய்துவிட வேண்டும். நம் சகோதரர் ஹனஃபி. கணக்குப் பார்த்தோம். உறுப்பினர் கட்டணம் 3,50,000 ரூபாய். 25 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 14,000. ஆண்டுச் சந்தா 16,000. ஆக, 7 இரவுகளுக்கு 30,000. மச்சானுக்குத் தேவையான 4 இரவுகளின் அடக்கம் 17,000 ரூபாய்க்குச் சற்று மேல். மச்சான் தர முன்வந்ததோ 24,000. வெளியார் அந்த இரவுகளுக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்பதால் அது அவருக்கு இலாபமாகவே பட்டது. இடையில் நின்ற ஏறத்தாழ 7,000 ரூபாய் பற்றித்தான் பேச்சு.

அடுத்த ஆண்டு திருப்பித் தருவது என்ற வழிதான் எல்லார்க்கும் இயல்பாகத் தோன்றுவது. சர்க்கரையைக் கைமாற்றாக வாங்கித் திருப்பித் தருவதில்லையா? ஆனால் ஹனஃபி நூல்களில் குடியிருப்புக்குக் குடியிருப்பையே வாடகையாக வைப்பது செல்லாது. ஓரினப் பயன்பாட்டை அதே இனத்துக்குத் தவணையில் மாற்றுவதில் வட்டியின் சாயல் உண்டு என்பது அவர்களின் வாதம். ஷாஃபிஈகள் இதை ஏற்கிறார்கள். பங்குதாரர்கள் தம் பங்குகளை நேரடியாகவோ நிறுவனம் வழியாகவோ பரிமாறிக்கொள்ளலாம் என்று மேற்சொன்ன அகாடமியும் கூறியுள்ளது. தம் மத்ஹபைப் பேண விரும்பும் ஹனஃபி, இவ்வாண்டு பணத்துக்கு விட்டு, அடுத்த ஆண்டு தனி ஒப்பந்தமாகப் பணத்துக்கு எடுத்து, கடனுக்குக் கடன் நேர்செய்துகொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள்" என்றோம். மறுநாள் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்த தடயமே அதில் இல்லை. பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது: புள்ளிகளைப் பிற உறுப்பினருக்குப் பிரதிபலன் ஏதுமின்றியே மாற்றித்தரலாம்.

அவர் முகம் வாடியது. சற்றுநேரம் கழித்து, "நான் அன்பளிப்பாகக் கொடுக்கிறேன். மச்சானும் அன்பளிப்பாக 24,000 கொடுக்கட்டுமே, ஹஜ்ரத்" என்றார்.

தாம்பரம் வட்டாரத்தில் இந்த யோசனை அவருக்கு மட்டும் உதித்ததன்று. தம் இரவுகளை முன்பின் அறியாதவருக்கு விற்றுவிட்டு, "ரிசப்ஷனில் கேட்டால் என் தம்பி மகன் என்று சொல்லுங்கள்" என்று சொல்லியனுப்புவோர் நம் ஜமாஅத்திலும் உண்டு. ஐவேளை தொழுபவர்கள். ஹோட்டல் அறையில் கிப்லா எந்தப் பக்கம் என்று செல்பேசியில் தேடுபவர்கள். அறைக்குள் நுழையச் சொன்ன சொல் பொய் என்பது மட்டும் அவர்களுக்கு உறைப்பதில்லை. நிறுவனம் நம்மிடம் அதிகம் வாங்கிவிட்டது என்ற கோபம் நியாயமாகவே இருக்கலாம். அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஹலாலை ஹராமாக்காத நிபந்தனைக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியின் கருத்து. கையொப்பமிட்டவர் நாம்தாம். முன்கூட்டியே தொகை பேசி, ஒன்றுக்கு ஒன்றாகக் கொடுப்பதை அன்பளிப்பு என்று அழைத்தாலும் அது வாடகையே. இதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னோம்.

அவர் இரவலாகவே கொடுத்தார். மச்சான் குடும்பம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைரோடு சென்று, மலையேறி, நான்கு நாள் தங்கித் திரும்பியது. பணம் பேசவில்லை. வீட்டு வருத்தம் முற்றிலும் தீர்ந்ததா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆண்டுச் சந்தா அறிவிப்பு வரும் மாதத்தில் அது மீண்டும் எழக்கூடும்.

இச்செய்தி பரவியதால் சேலையூரிலிருந்து வேறொரு குடும்பம் வந்தது. தந்தை வஃபாத்தாகிவிட்டார், உறுப்பினர் காலம் இன்னும் ஒன்பது ஆண்டுகள் மீதி. நாமினி மூத்த மகன். நாமினி என்பவர் பொறுப்பாளரே தவிர அவர் மட்டுமே வாரிசு அல்லர் என்று விளக்கினோம். வாடகைக்கு எடுத்தவர் இறந்தால் ஒப்பந்தம் முடிவுறும் என்பது ஹனஃபி நிலை. வாரிசுகளுக்குத் தொடரும் என்பது ஷாஃபிஈ நிலை. இவர்கள் ஷாஃபிஈ, நிறுவனமும் தொடர ஒப்புக்கொண்டது. தாயார், இரு மகன்கள், ஒரு மகள் என்று பங்கு கணக்கிட்டு, எந்த ஆண்டு யாருக்கு எத்தனை இரவு என்று ஒரே தாளில் எழுதி நால்வரும் கையொப்பமிட்டனர். முதல் ஆண்டு தாயாருக்கு. அவர் மலைக்குளிர் தமக்கு ஒவ்வாது என்று சொல்லித் தம் முறையை மகளுக்கு விட்டுக்கொடுத்தார். அதையும் அந்தத் தாளிலேயே ஒரு வரியாக எழுதிக்கொண்டார்கள்.