கைக்குப் பொருந்திய பிடி



இந்த வாரம் ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். போதகர் எழுதத்தக்க பொருளா இது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோதே சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, போதகர் இல்லத்தில் இது இருக்கலாமா?" என்று கேட்டார். முதுகுக்குப் பின்னால் பேசாமல் என் முகத்துக்கு நேரே கேட்டதற்காக அவருக்கு நன்றியுள்ளவனாயிருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன்.

என் மகள் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிகளில் பங்கேற்கிறவள். அழுத்தி அடைக்கப்பட்ட காற்று, அரை கிராம் அளவே எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளுகிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நின்றுகொண்டு, ஒரே கையால், 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். இது விளையாட்டுத்தான், ஆனால் அந்தக் கருவி விளையாட்டுப் பொருள் அன்று. எங்கள் வீட்டில் அது பூட்டிய பெட்டியில் இருக்கிறது. காலியாக இருக்கும்போதும் அதன் வாய் ஒருவர் பக்கமும் திரும்பலாகாது என்பதே அவள் கற்ற முதற்பாடம். மூப்பர் அமைதியடைந்தார். நான்தான் அடையவில்லை. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

நான்கு ஆண்டுகள் அவள் பயிற்சி மன்றத்தின் பொதுத் துப்பாக்கியைக் கொண்டே சுட்டாள். சீட்டுப் பணமும், அவள் தாயின் சேமிப்பும், என் பல மாத ஊதியமும் சேர்ந்துதான் புதியது வந்தது. பெட்டியைத் திறந்த இரவே நான் ஒரு நோட்டை எடுத்து, இனி வாங்க வேண்டியவற்றைப் பட்டியலிடத் தொடங்கினேன். கையின் அளவுக்குச் செதுக்கிய மரப்பிடி, வேறு வடிவில் விசைத்தகடு, குழலின் அடியில் மாட்டும் எடைத்துண்டுகள், புதிய பின்குறி, துப்பாக்கிச் சுடுதலுக்கென்றே செய்யப்படும் ஒற்றை வில்லைக் கண்ணாடி, தட்டையான அடியுடைய காலணி. ஒரு வாரத்தில் பட்டியல் இரண்டு பக்கம் ஆயிற்று. என் பிள்ளைக்கு எதிலும் குறைவிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம் என்று நானே நம்பினேன்.

அவளுடைய பயிற்சியாளர் ஓய்வுபெற்ற காவல்துறை அலுவலர். பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "ஐயா, இதில் ஒன்றும் தவறான பொருள் இல்லை. ஆனால் ஐந்தை ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு சில வாரங்கள் அதைத் தொடக்கூடாது" என்றார்.

முதலில் எதை மாற்றுவது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. பிடிதான். பெட்டியில் வரும் பிடி யாருடைய கைக்காகவும் செய்யப்பட்டதன்று. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் ஒன்று. அதைக் கைக்குரியதாக்கும் வேலையை இரண்டு மாலைகள் அருகில் அமர்ந்து பார்த்தேன். மகள் கண்களை மூடிக்கொண்டு, துப்பாக்கியை உயர்த்தி, கை இயல்பாக நிற்கும் இடத்தில் நிறுத்துவாள். பிறகு கண்களைத் திறப்பாள். முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்கோட்டில் நின்றால் பிடி சரி. இடப்பக்கம் விலகியிருந்தால், மரத்தில் எந்த இடம் உள்ளங்கையைத் தள்ளுகிறது என்று தேடி, உப்புத்தாளால் சிறிது தேய்ப்பார்கள். இடைவெளி இருக்குமிடத்தில் மரத்தூள் கலந்த மக்கு வைத்துக் கையை அழுத்திப் பதிப்பார்கள். மீண்டும் கண்களை மூடுவாள். இப்படி நாற்பது, ஐம்பது முறை. அதற்கும் விதிகளின் எல்லை உண்டு. பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. முழுத் துப்பாக்கியும் 1500 கிராமைத் தாண்டக் கூடாது. வைத்துப் பார்க்கும் அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். தொலைநோக்கியோ லேசரோ பொருத்த இடமில்லை. செலவு என்னவோ ஒரு டப்பா மக்கும் இரண்டு உப்புத்தாளுந்தான்.

அடுத்தது முன்குறியின் அகலம். சுடுகிறவரின் கண் இலக்கைக் கூர்ந்து பார்ப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். பார்வை குழலின் நுனியில் நிற்கும் முன்குறியிலேயே பதிந்திருக்க, தொலைவிலுள்ள கருவட்டம் மங்கலாகவே தெரியும். பின்குறியின் பிளவுக்குள் முன்குறி நிற்கும்போது இருபுறமும் ஒளிக்கீற்று தெரியும். கீற்று மிக அகன்றால் துல்லியம் குறையும்; மிக ஒடுங்கினால் கண் விரைவில் களைக்கும். இரண்டு முன்குறிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, அகலமானதைத் தேர்ந்தாள். அதன்பின் குண்டுகள். தலையின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டில் அவை கிடைக்கின்றன. துப்பாக்கியை அசையாமல் பொருத்தி ஒவ்வொரு வகையையும் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருங்கி விழுந்த வகையையே வாங்கினோம். என் இரண்டு பக்கப் பட்டியலில் குண்டு என்ற சொல்லே இல்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

ட்ரிக்கர் என்று நாம் சொல்லும் விசைக்கு ஒரு விதி உண்டு. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விடுபடாமல் எடை எழும்ப வேண்டும். பயிற்சியாளர் சற்றுக் கூடுதலாகவே வைத்திருந்தார். இலகுவான விசை நல்லது என்று எங்கோ படித்திருந்த நான், "எல்லைக்குள் இருந்தால் போதுமே, சரியாக 500இல் வைத்தால் என்ன?" என்று மகளை வற்புறுத்தினேன். அவள் தயங்கினாள். அப்பா சொல்கிறாரே என்று ஒரு மாலை திருகாணியைத் தளர்த்தினாள்.

போட்டி நாளில், கருவிகளைச் சோதிக்கும் மேசையில் எடை எழும்பவில்லை. விசை விடுபட்டது. திருத்திக்கொண்டு வர அனுமதித்தார்கள். அவள் ஓர் ஓரமாகப் போய், நடுங்கும் விரல்களால் திருகாணியை முறுக்கினாள். மறுமுறை தேறியது. ஆனால் அவசரத்தில் முறுக்கியதில், விசையின் முதற்கட்டம் முடிந்து இரண்டாங்கட்டம் தொடங்கும் இடமே நகர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான முறை குண்டில்லாமல் இழுத்துப் பழகிய விரல், அந்த இடத்தைத் தேடித் தேடித் தடுமாறியது. வழக்கமாக எடுப்பதைவிட 14 புள்ளிகள் குறைவு. அடுத்த சுற்றுக்கான தகுதி போயிற்று.

பேருந்தில் வெகுநேரம் அவள் பேசவில்லை. பாதி வழியில், "அப்பா, நான் போதாது என்று நினைத்துத்தானே ஒவ்வொன்றாகச் சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள். முப்பதாண்டுகள் பிரசங்கித்த எனக்கு அந்த இருக்கையில் ஒரு சொல்லும் வரவில்லை.

பிரியமானவர்களே, கருவி முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதடைந்தது. அவர் 12ஆம் இடத்தில் நின்று, இறுதிச் சுற்றை இழந்தார். கருவி கைவிட்டால் எப்பேர்ப்பட்ட கையும் தவிக்கும். அதே மனு பாக்கர் 2024இல் பாரிசில், பத்து மீட்டர் தனிநபர் பிரிவில் ஒன்றும் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் ஒன்றுமாக இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். அந்தக் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கிய இணையில் ஒருவர் யூசுப் டிகேச். என்னைப்போல் ஐம்பதைக் கடந்தவர். சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, இரு கண்களையும் திறந்து, ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு அவர் சுட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றுமில்லாமல் வென்றார் என்று அதைப் பகிர்ந்தவர்கள் பலர். அவர் கையிலும் போட்டிக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கிதான் இருந்தது. தமக்கு எது தேவையில்லை என்று அறிய அவருக்கு நீண்ட காலப் பழக்கமும் இருந்தது.

சவுலின் கவசத்தைத் தாவீது கழற்றி வைத்ததை ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். அந்தக் கவசத்தில் குறையில்லை. அவருக்கு அதில் பழக்கமில்லை, அவ்வளவே. ஆனால் அதே தாவீது ஆற்றங்கரையில் குனிந்து, வழுவழுப்பான ஐந்து கற்களைத் தெரிந்தெடுத்தார். கையில் அகப்பட்ட கல்லை அவர் எடுக்கவில்லை. இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். குண்டுகளைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்த அந்த மாலைக்குப் பிறகுதான் அந்தக் கற்கள் என் கண்ணில் பட்டன. சவுலும் கெட்ட எண்ணத்தோடு கவசத்தை உடுத்தவில்லை. அவனுக்குப் பயம் இருந்தது. தன் பயத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றினான். நானும் அதையே செய்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பட்டியல் இருக்கலாம். மூன்றாவது டியூஷன், இன்னொரு பயிற்சி வகுப்பு, இன்னும் விலை கூடிய ஒரு கருவி. அவற்றில் சில உண்மையாகவே பிள்ளையின் கைக்கு வேண்டிய மக்கும் உப்புத்தாளுமாய் இருக்கும். சில நம் பயத்துக்கு நாம் வாங்கும் மருந்து. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழியை அந்தப் பயிற்சியாளரிடம் கற்றேன்: பட்டியலை மூடிவிட்டு, அந்தக் கையைப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே இடைவெளி என்று அந்தக் கைக்குரியவரையே கேளுங்கள்.

அன்றிரவு வீடு வந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் விசையைப் பயிற்சியாளர் வைத்த அளவுக்கே திருப்பி வைத்தாள். பட்டியல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழிக்க வேண்டாம் என்றாள். இவ்வாண்டு அதிலிருந்து ஒன்றே ஒன்றை வாங்கியிருக்கிறோம்: காலணி. நான்கு ஆண்டுகளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பட்டியலில் அதைக் கடைசியாக எழுதியிருந்தேன்.

அடுத்த போட்டி வரும் மாதம். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அருகில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய எனக்காகவும்.

உங்கள் போதகர்