நான் தொடாத சிகரம்

"ஆப்பிரிக்காவின் இரண்டாவது உயரமான மலையில் சிகரம் தொட்டுத் திரும்பிய நம் மாணவி..."

2025 அக்டோபரில் நடந்த புதுமுக மாணவர் சந்திப்பில் அறிவிப்பாளர் என்னை இப்படித்தான் மேடைக்கு அழைத்தார். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டே மேடை ஏறினேன். கென்யா மலைத் தேசியப் பூங்காவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன், படங்களைக் காட்டினேன், இறங்கிவிட்டேன். நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால், பேசாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்தச் சிகரத்தை நான் தொடவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பசியாறும் வேளையில் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி என்னிடம் வந்தாள். விடுதித் தோழிகளோடு கினபாலு மலை ஏறப் போகிறாளாம். "அக்கா, மேல போகப் போகத் தலை வலிக்கும்னு சொல்றாங்களே, அப்போ என்னா செய்யறது?" என்று கேட்டாள். "மெதுவா நடந்தா சரியாயிடும்மா" என்றேன். சிகரம் தொட்டவள் சொல்கிறாள் என்று அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. இதைத்தான் எழுத வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது வகுப்பறைச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்கும். ஒரு நாள் ஆசிரியர் பூமத்திய ரேகையை விரலால் காட்டி, "இந்தக் கோட்டுப் பக்கத்தில் எங்காவது பனி இருக்குமா?" என்று கேட்டார். "இருக்காது சார்!" என்று எல்லாரும் கத்தினோம். அவர் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் விரலை நிறுத்தி, "இங்கே இருக்கு" என்றார். அந்த விரல் நின்ற இடம் பன்னிரண்டு ஆண்டுகள் என் மனத்தில் கிடந்தது.

2025 பிப்ரவரி, தைப்பூசம் முடிந்த சில நாள்களில், உயிரியல் துறை மாணவர்கள் அறுவர் நைரோபிக்குப் புறப்பட்டோம். பேரங்காடியில் பகுதிநேரமாக வேலை செய்து சேர்த்த பணம் பாதி. அப்பா கொடுத்தது மீதி. பாட்டி முந்நூறு ரிங்கிட்டை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். பத்துமலையின் 272 படிகளை ஒரே மூச்சில் ஏறியவள், லேடாங் மலையை ஏறி இறங்கியவள் என்ற தைரியம் எனக்கு. லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். கென்யா மலையின் உச்சி 5,199 மீட்டர்!

நைரோபியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்தில் நன்யூக்கி என்ற சிறு பட்டணம். பூமத்திய ரேகை அதன் ஓரமாகப் போகிறது. சாலையோரத்தில் அதற்கொரு பெயர்ப்பலகை. அங்கே ஒருவர் கோட்டுக்கு வடக்கே நின்றால் தண்ணீர் ஒரு பக்கமாகவும், தெற்கே நின்றால் மறுபக்கமாகவும் சுழன்று வடிவதைக் காட்டிக் காசு வாங்குகிறார். உண்மையில் அவ்வளவு சிறிய பாத்திரத்தில் பூமியின் சுழற்சி எதையும் மாற்றாது. ஊற்றுகிறவரின் கைத்திறன்தான் அது. தெரிந்தே கைதட்டினோம்.

அந்த மலையை முதலில் கண்டு எழுதிய ஐரோப்பியரின் கதை சுவையானது. 1849இல் யொஹான் லுட்விக் கிராப்ஃப் என்ற ஜெர்மானிய மதபோதகர் தொலைவிலிருந்து அதைப் பார்த்து, உச்சியில் பனி இருக்கிறது என்று எழுதினார். பூமத்திய ரேகையில் பனியா என்று அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1883இல் ஜோசப் தாம்சன் என்பவர் சென்று பார்த்த பிறகுதான் அது உறுதியானது. இத்தனைக்கும் அங்கேயே வாழ்ந்த கிக்கூயு மக்களுக்கு அது காலங்காலமாக ஙாய் என்னும் கடவுளின் இருப்பிடம்! உண்மையைச் சொன்ன கிராப்ஃபை உலகம் நம்பவில்லை. உண்மையை மறைத்த என்னை எல்லாரும் நம்பினீர்கள். இந்த முரண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1949இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இம்மலை 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. இதற்கு மூன்று முக்கியச் சிகரங்கள். பத்தியான் 5,199 மீட்டர், நெலியோன் 5,188 மீட்டர். இவ்விரண்டிலும் கயிறு கட்டிப் பாறை ஏறத் தெரிந்தவர்களே ஏற முடியும். எங்களைப் போன்ற நடைப் பயணிகளுக்கு உரியது மூன்றாவதான லெனானா, 4,985 மீட்டர்.

சிரிமோன் நுழைவாயில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வழிகாட்டியும் சுமை தூக்குபவர்களும் காத்திருந்தார்கள். என் மூட்டையை எடுத்துக்கொண்டவருக்கு என் அப்பாவைவிட வயது கூடுதலாக இருக்கும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். "ம்ஸே என்று கூப்பிடுங்கள், பெரியவரே என்று அர்த்தம்" என்றார். நம் ஊரில் 'பாக்சிக்' என்போமே, அப்படி. அந்த ஒரு சொல்லோடு பயம் பாதி குறைந்தது.

நுழைவாயிலைத் தாண்டியதுமே வரிக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. காட்டுக்குள் நுழைந்தால் நீண்ட வெள்ளை வாலோடு கொலோபஸ் குரங்குகள். பாதை நடுவில் ஆவி பறக்கும் யானைச் சாணம் கிடந்தது. யானையைக் காணவில்லை, அதற்காக நாங்கள் வருத்தப்படவும் இல்லை! இந்த யானைகள் மலைக்கும் கீழே உள்ள சமவெளிக்கும் போய்வர நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். 2011 முதல் அவை அதைப் பயன்படுத்துகின்றன என்று வழிகாட்டி சொன்னார். அன்று மாலை 3,300 மீட்டரில் உள்ள ஓல்டு மோசஸ் முகாமை அடைந்தோம்.

மறுநாள் காட்டைவிட்டு வெளியே வந்தோம். மக்கிண்டர் பள்ளத்தாக்கில் நான் பார்த்த செடிகளை வேறெங்கும் பார்த்ததில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய செனேசியோ மரங்கள், காய்ந்த இலைகளைக் கீழே உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. இரவில் உறைபனி, பகலில் சுட்டெரிக்கும் வெயில். ஒவ்வொரு நாளும் கோடையையும் குளிர்காலத்தையும் தாங்க வேண்டிய செடிக்கு அந்தச் சருகுதான் கம்பளி. மதியம் கடந்து 4,200 மீட்டரில் உள்ள ஷிப்டன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். நம் கினபாலுவின் உச்சியே 4,095 மீட்டர்தான். படுக்கும் இடமே கினபாலுவைவிட உயரம் என்று கூச்சலிட்டுப் படம் பிடித்துக்கொண்டோம்.

முகாம் வாசலில் ஹைராக்ஸ் என்ற கொழுகொழுத்த சிறு விலங்குகள் ரொட்டித்துண்டுக்குச் சுற்றி வந்தன. பார்க்கப் பெருச்சாளிபோல் இருக்கும். ஆனால் உறவில் யானைக்கு நெருங்கிய சொந்தம்! நான் அதற்குப் பின்னால் ஓடிப் படம் எடுத்தேன். பத்தடி ஓடியதற்கே மூச்சு இரைத்தது. லேசாகத் தலையும் வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை வழிகாட்டி, "நாளை ஒரு நாள் இங்கேயே தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள்" என்றார். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலையேறிகளின் கணக்கு. நாங்கள் ஒரே நாளில் தொள்ளாயிரம் மீட்டர் ஏறியிருந்தோம். ஒரு நாள் தங்கினால் அறுவருக்கும் கூடுதல் செலவு. "முடியும், போகலாம்" என்று முதலில் சொன்னவள் நான்தான்.

அதிகாலை மூன்று மணிக்கு நெற்றி விளக்குகளோடு புறப்பட்டோம். சரளைக்கல் சரிவு. இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் சறுக்கும். "போலே போலே", மெதுவாக மெதுவாக என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். தலைக்குள் சம்மட்டி அடிப்பது போலிருந்தது. ஏறத்தாழ 4,700 மீட்டரில் வாந்தி எடுத்தேன். எழுந்து நின்றால் கால்கள் நேராக நிற்கவில்லை. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார். "நீங்கள் இறங்க வேண்டும்" என்றார். அழுதேன். "இன்னும் முந்நூறு மீட்டர்கூட இல்லையே, தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்து..." என்று ஏதேதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மலை இங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும் அல்லவா?" என்றார். தோழர்கள் ஐவரும் மேலே போனார்கள். கடைசி ஆளாக எங்களோடு வந்துகொண்டிருந்த ம்ஸே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டில் இறங்கினோம். முந்நூறு மீட்டர் இறங்கியதுமே தலைக்குள் அடித்த சம்மட்டி ஓய்ந்தது. மருந்தே இல்லாத மருந்து அது: கீழே இறங்குதல்! விடியத் தொடங்கியது. பத்தியான் சிகரம் நெருப்புப் பிடித்ததுபோல் சிவந்தது. ம்ஸே ஒரு லொபேலியா செடியின் அருகில் என்னை உட்கார வைத்தார். கிண்ணம்போல் விரிந்த அதன் இலைகளுக்கிடையே தேங்கிய நீர் மேலே உறைந்திருந்தது. அவர் விரலால் அழுத்தினார். ஏடு உடைந்து உள்ளே தண்ணீர் தளும்பியது. மேலே உறையும் பனியே மூடியாக இருந்து குருத்தைக் காக்கிறது! பாடநூலில் படித்திருந்தேன், விரல் நுனியில் அன்றுதான் புரிந்தது. சற்று நேரத்தில் பச்சை மின்னும் தேன்சிட்டு ஒன்று பூத்தண்டில் வந்து அமர்ந்தது.

பக்கத்தில் சாம்பல் ரோமம் போர்த்திய வேறொரு லொபேலியா வகை நின்றது. அதன் பெயரில் டெலேக்கி என்ற ஹங்கேரியப் பிரபு இருக்கிறார். 1887இல் இம்மலையில் ஏறிய அவர் ஏறத்தாழ 4,350 மீட்டரோடு திரும்பிவிட்டார். பத்தியானை முதலில் தொட்டது 1899இல் ஹால்ஃபோர்டு மக்கிண்டர் குழு. பாதியில் திரும்பியவர், தாம் எங்கே திரும்பினோம் என்பதை மறைக்கவில்லை. அதனால் அவர் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஒரு செடி அவர் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

ம்ஸே தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். மேரு பக்கத்தில் வீடு. மனைவி தேயிலை கிள்ளுகிறாராம். "எப்படிக் கிள்ளுவார்கள்?" என்று கேட்டேன். இரண்டு விரலை விரித்து நடுவில் இன்னொரு விரலை நிமிர்த்திக் காட்டினார். இரண்டு இலை, ஒரு மொட்டு! கேமரன் மலையில் முதுகில் கூடையோடு முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய என் பாட்டி காட்டும் அதே விரல்கள்.

சிகரத்திலிருந்து திரும்பிய தோழர்கள், அங்கிருந்து பார்த்த லூயிஸ் பனியாறு மிகவும் சுருங்கிக் கிடந்ததாகச் சொன்னார்கள். 2050க்குள் ஆப்பிரிக்காவின் உலக மரபுத் தலங்களில் உள்ள பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்று யுனெஸ்கோ 2022இல் எச்சரித்திருக்கிறது. என் ஆசிரியரின் கேள்விக்கு நாளைய பிள்ளைகள் "இருக்காது சார்" என்றால், அதுவே சரியான விடையாகிவிடலாம். அதைப் பார்க்காமல் வந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

வீடு திரும்பியதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "உச்சிக்குப் போனியா?" முதலில் "ம்" என்றேன். பிறகு அந்த "ம்" வளர்ந்து மேடை வரைக்கும் வந்துவிட்டது.

இக்கட்டுரையை எழுத உட்காருமுன் இரண்டு பேரிடம் பேசினேன். அந்தத் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். "தலைவலி வந்தா ஏறாதே. உடனே வழிகாட்டிகிட்ட சொல்லு. குறையலன்னா எறங்கிடு" என்றேன். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "நல்ல வேளை சொன்னீங்கக்கா" என்றாள்.

அடுத்து பாட்டி. எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையில் முடிந்த முந்நூறு ரிங்கிட்டுக்காக மன்னிப்பும் கேட்டேன். பாட்டி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல போனா என்னா, போகாட்டி என்னா. எறங்கி வந்து சேர்ந்தியே. ஆமா, ஒன் மூட்டைய தூக்கிட்டு வந்தாரே, அந்தப் பெரியவரு... அவரு சாப்பிட்டாரானு கேட்டியா?"

என்னிடம் பதில் இல்லை. மலையில் இருந்த இரவுகளில் நாங்கள் கூடத்தில் சாப்பிட்டோம். அவர்கள் பின்பக்கச் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று நான் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்புத் தம்பி தங்கைகளே, மலை ஏறுங்கள். கினபாலுவோ கென்யாவோ, கட்டாயம் ஏறுங்கள். உடல் இறங்கச் சொன்னால் இறங்குங்கள்; இறங்கியதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் மூட்டையைச் சுமப்பவர் சாப்பிட்டாரா என்று மறக்காமல் கேளுங்கள். நான் தவறவிட்டது சிகரத்தை மட்டுமல்ல.