கை எமது, கருத்து அவனது

உதவி செய்தல் நன்றென்பதை யாவரும் அறிவர். அவ்வுதவி எங்கே நிற்றல் வேண்டும் என்பதை அறிவார் சிலரே. பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்கு இவ்வாண்டு யாம் பாடம் வாசித்தும் தேர்வில் எழுதியும் துணைநின்றபோது இதனை உணர்ந்தோம்.

அவன் எட்டாம் வகுப்பு மாணாக்கன். பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒருங்கிருந்து பயில்பவன். பார்வையற்றோர்க்கெனப் பாளையங்கோட்டையில் 1890-களிலேயே தனிப்பள்ளி நடந்தது. அத்தகைய பள்ளிகளின் தொண்டு பெரிது. எனினும், விரும்பினால் அண்மையிலுள்ள பொதுப்பள்ளியிலும் இத்தகைய பிள்ளைகள் பயிலலாம் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதி செய்கின்றது. தேர்வில் மிகுதி நேரமும், சொல்வதை எழுதும் துணைவரும் அச்சட்டத்துள் கூறப்பட்டவையே.

சனிக்கிழமைதோறும் யாம் பாடம் வாசிப்போம். அவன் எமக்குப் பிரெயில் எழுத்தைக் கற்பிப்பான். அச்செழுத்தில் 'கொ' என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருமருங்கும் நிற்கும். ஆறு புள்ளிகளாலாகிய பிரெயிலிலோ மெய் முன்னும் உயிர் பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே நிற்கும். மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்ற தொல்காப்பியர் கருத்தை யாம் ஏட்டிற் கற்றோம். அவன் விரலாற் கண்டிருந்தான்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. 'கல்', 'சிலை' என்பவற்றைச் சேர்த்தெழுதுக என்ற வினாவிற்குக் 'கல்சிலை' என்றான். எம் எழுதுகோல் சற்றே தயங்கிற்று. ஓர் எழுத்தைத் திருத்துவது எளிது. ஆயின் அந்த மதிப்பெண் எம்முடையதாகுமேயன்றி அவனுடையதாகாது. தன் அறிவு எவ்வளவென அறியும் வாய்ப்பையும் அவன் இழப்பான். ஆதலின் அவன் சொன்னவாறே எழுதினோம்.

இறுதியில், "அண்ணா, எழுதியதையெல்லாம் ஒருமுறை படியுங்கள்" என்றான். குரலில் ஏற்றத்தாழ்வின்றிப் படித்தோம். அவ்விடம் வந்ததும், "நிறுத்துங்கள், 'கற்சிலை' என்று மாற்றுங்கள்" என்றான். ஏனையோர் தம் கண்ணை ஒருமுறை ஓட்டிச் செய்யும் பணியை அவன் செவியாற் செய்தான். அதற்கு வேண்டிய நேரமே மிகுதி நேரம். அது சலுகையன்று, சமன்பாடே.

நண்பர்களே, நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுதற்கு ஒரு காசும் செலவில்லை. "இதனையும் அதனையும் கூட்டுக" என்று சுட்டிக் காட்டாது, எண்களையே எடுத்துரைத்தாற் போதும். கையைக் கடனாகக் கொடுப்போம்; கருத்தை அவர்களிடமே விட்டுவைப்போம்.